நாயனமும் குழாய் ஸ்பீக்கரும்

வணக்கம் சார்,

உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவன். ஒரு மனக்குறையைச் சொல்ல எழுதுகிறேன். எங்கள் அப்பா ஒரு நாதஸ்வர வித்வானின் கேசட் வைத்திருந்தார். ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராகம், மறுபக்கம் சில கீர்த்தனைகள். அப்பா காலமான பிறகு அதை போனில் ஏற்றிக்கொண்டு நான் கேட்டு வருகிறேன். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது வரை மனப்பாடம். ஆனால் அவரை நேரில் பார்த்ததே இல்லை. போன மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு கும்பாபிஷேகத்துக்கு அவர் வருவதாக நோட்டீஸில் பார்த்து, லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். மனசே விட்டுப்போச்சு சார். தோடியைத் தொடவே இல்லை. எதை எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றிக்கொண்டே இருந்தார். வயதும் ஆகிவிட்டது, பாதிக்கு மேல் பக்கத்தில் நின்ற பையன்தான் வாசித்தான். சத்தம் காதைக் கிழித்தது. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய தோடியைப் போட்ட பிறகுதான் நிம்மதி. சில பேரை நேரில் பார்க்காமல் இருப்பதே நல்லதோ?

க.
திருமங்கலம்

(வித்வானின் பெயரை எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள க.,

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், சரி. கேட்டீர்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கே நின்று கேட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. 'காதைக் கிழித்தது' என்பதை வைத்துச் சொல்கிறேன், பந்தல் காலிலோ வேப்ப மரத்திலோ கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றிருப்பீர்கள். நம் பக்கத்துக் கும்பாபிஷேகங்களில் அதற்குத் தப்பி நிற்க இடம் கிடைப்பதும் கஷ்டம்தான், கோயிலில் தொடங்கி பஸ் ஸ்டாப் வரை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். நாயனம் என்கிற நாதஸ்வரத்துக்கு மைக்கே வேண்டியதில்லை. நாலு வீதியிலும் சுவாமி வரும்போது அத்தனை கூட்டத்தின் இரைச்சலுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம் அது. அதன் அணசுக்கு, அதாவது அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு, நேர் எதிரே ஒரு மைக்கை, சற்று முன் நன்கொடையாளர் பட்டியலை வாசிக்க வைத்த அதே அளவில், ஒரு சாண் தூரத்தில் நீட்டினால் என்ன ஆகும்? குழாய் ஸ்பீக்கர் ஆள் பேசுவது தூரத்துக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உள்ளது. கீழ் ஸ்தாயியின் கனம் அதில் ஏறவே ஏறாது, மேலே போனால் கிறீச்சிடும், தவிலில் கனமாகப் பேசுகிற தொப்பிப் பக்கம் வெறும் தட்டலாகத்தான் கேட்கும். திமிரி என்கிற குட்டை நாயனத்தை விட்டு, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார்களே, சுருதி இறங்கிக் குழைவும் கனமும் கூடியதே, அவ்வளவையும் அந்தத் தகரக் குழாய் ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கிவிடும்.

ஆக, நீங்கள் ஒப்பிட்டது ஒரு கேசட்டையும் ஒரு ஸ்பீக்கரையும். வித்வான் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

தோடி வாசிக்கவில்லை என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கும்பாபிஷேகக் காலையில் நாயனக்காரர் கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? பூர்ணாகுதிக்குக் கெட்டிமேளம். புனித நீர்க் கடம் யாகசாலையை விட்டுப் புறப்பட்டால் இவரும் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். மேலே கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது மறுபடியும் கெட்டிமேளம். நடுவில் ஒருவர் கருடன் வந்துவிட்டது என்று கத்துவார், எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இத்தனைக்கும் அவர் கண் முழுக்க குருக்களின் கையில்தான் இருக்கும். எடுத்த ராகத்தை எந்த நிமிடமும் கீழே வைக்கத் தயாராக இருக்கிற ஒருவரிடம் நாற்பது நிமிடத் தோடியை எதிர்பார்க்க முடியாது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினார் என்கிறீர்கள். எனக்கென்னவோ நிறுத்தவைத்தார்கள் என்று தோன்றுகிறது. (நீங்கள் எழுதாவிட்டாலும் அன்னதான அறிவிப்பு நாயனத்தின் மேலேயே வந்திருக்கும். சந்தேகமே இல்லை. அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. செண்டை மேளத்தை முன்னால் விட்டு நாயனத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறவர்கள் மேலும்தான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.)

சீவாளி விஷயத்தைத்தான் நீங்கள் ரொம்பத் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அது காவிரிக் கரை நாணலில் செய்வது, திருவாவடுதுறைச் சீவாளிக்குப் பெயர் அதிகம். வாயில் ஊற வேண்டும். ஊறியது வெயிலில் காயும், காய்ந்தால் சுருதி நகரும், ரொம்ப ஊறிவிட்டாலும் சத்தம் தொய்யும். அதனால்தான் வாத்தியத்திலேயே மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குகின்றன, கூடவே அதைச் சரிசெய்ய ஒரு ஊசியும். நம் ஊர்க் காலை வெயிலில் திறந்த வெளியில் நின்று வாசிக்கிறவர் அதை மாற்றாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன். கேசட்டில் அவர் மாற்றியது உங்களுக்குக் கேட்காது. ஒலிப்பதிவு அறையில் விசிறியை நிறுத்திவிட்டு, பிடிக்காததை மறுபடி வாசித்து, நல்லதை மட்டும் வைத்திருப்பார்கள்.

நாமெல்லாம் நாயனத்தைப் பெட்டிகள் வழியாகக் கேட்டே வளர்ந்தவர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. ராஜரத்தினம் பிள்ளை 1956இல் போய்ச் சேர்ந்தார். அவர் தோடியை மணிக்கணக்கில் வாசித்ததைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள், நமக்குக் கிடைத்ததோ பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடுகிற இசைத்தட்டு. அவ்வளவு தூரம் ஏன், 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளுக்கு நாயனம் வாசித்தவர்கள் நம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நம் ஊரிலேயே இருந்தவர்கள். ஆனால் அந்த நாயனம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிவாஜியின் கன்னம்.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். மூச்சு குறைந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. இளவயசு மூச்சு வேண்டும் என்றால் அது கேசட்டில்தான் இருக்கிறது, அதைக் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் பையன் பாதி வாசித்தான் என்று குறையாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். ஜோடி நாயனத்தில் பெரியவர் ராகத்தில் ஒரு பிடியை, ஒரு சின்னத் துண்டை, வாசித்துவிட்டு விடுவார், சின்னவர் அதை வாங்கி நீட்டுவார். வயதானவர்கள் நிறைய விட்டுவிட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் சின்னதாக ஒன்றை வாசிப்பார்கள். அதற்கப்புறம் சின்னவர் வாசிப்பதே மாறிப்போகும். அந்தச் சின்ன இடத்துக்காகவே நான் வயதான வித்வான்களைத் தேடிப் போகிறேன். உங்கள் காதில் பழைய தோடி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எப்படி விழும்?

இப்போது என்ன செய்யலாம் என்றால், முதலில் ஒருநாள் ராத்திரி மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடை சாத்துகிற நேரத்தில் போங்கள். பள்ளியறைக்கு சுவாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும், கூடவே மேளம் போகும். கருங்கல் பிரகாரத்தில் மைக் இல்லாமல் நாயனம் எப்படி இருக்கும் என்பதைக் காது ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். பல்லக்கோடு முட்டிக்கொண்டு போகாதீர்கள், பத்துப் பதினைந்தடி பின்னால் வாருங்கள். அப்புறம் உங்கள் வித்வான் எங்காவது சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறாரா என்று விசாரியுங்கள். கும்பாபிஷேகம் வேண்டாம், கல்யாணம் வேண்டவே வேண்டாம், அங்கே துண்டுச்சீட்டில் சினிமாப் பாட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். புறப்பாடு என்றால் சுவாமி வெளியே வரும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, அது முடிந்து வீதியில் திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு நேரம் வரும். மண்டகப்படியில் சுவாமி நிற்கும். தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, மண்டகப்படிக்காரர் குடும்பம் முழுக்க மாலை வாங்கி முடிய நேரமாகும். நாயனக்காரர்கள் விஸ்தாரமாக ராகம் வாசிப்பது அந்த மாதிரி நேரத்தில்தான்.

அங்கே போய்ப் பேசுங்கள். உங்கள் கேசட்தான் பெஸ்ட் என்று ஆரம்பிக்காதீர்கள், இன்றைக்கு வாசிப்பது சரியில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும். அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள், தோடி என்று மட்டும் கேளுங்கள். வாசிக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம், தவில்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு ஒன்றை எடுக்கலாம். எடுத்ததைக் கேளுங்கள். அன்றைக்கு போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் நல்லது, வழியில் பஸ்ஸில் அந்தத் தோடியைப் போட்டுக்கொண்டு போனால் மறுபடியும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

இப்போதெல்லாம் சுவாமிக்கு முன்னால் வண்டியில் ஜெனரேட்டரையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மைக் செட்காரரை முன்கூட்டியே பிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மண்டகப்படியில் நிற்கும்போது மட்டும் அணைத்து வையுங்கள் அண்ணே என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். பாதித் தடவை அணைப்பார்கள். மீதித் தடவை டீயைக் குடித்துவிட்டு, நல்லாத்தானே சார் கேக்குது என்பார்கள்.

அன்புடன்.