வாசகர் கேள்வி–பதில்: ஆழ்கடல் சிலந்திக்குப் பெயர் வருவது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கடலடியில் மூன்று புதிய கடல் சிலந்தி இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக 2025-இல் செய்தி படித்தேன். எந்தச் செய்தியிலும் அவற்றின் பெயர் இல்லையே, ஏன்? – கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆக்சிடென்டல் கல்லூரியைச் சேர்ந்த ஷானா காஃப்ரெடி குழுவினரின் ஆய்வாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியா, அலாஸ்கா கரைகளுக்கு அப்பால், கடலடியில் மீத்தேன் வாயு கசியும் இடங்களில் அவர்கள் சேகரித்த சிலந்திகள் செரிகோசூரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. மற்றக் கடல் சிலந்திகள் பெரும்பாலும் கடற்சாமந்தி, பஞ்சுயிரி போன்ற மென்மையான விலங்குகளின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றன. இவையோ தம் மேலோட்டின் மீது வளரும், மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களையே மேய்கின்றன. அந்த ஆய்வின் நோக்கம் இந்த உணவுமுறையை நிறுவுவதே அன்றிப் பெயர் சூட்டுவது அன்று.

ஓர் உயிரி அறிவியலுக்குப் புதியது என்று கண்டுகொள்வது ஒரு வேலை. அதை முறைப்படி விவரித்துப் பெயரிட்டு வெளியிடுவது முற்றிலும் வேறொரு வேலை. செய்தித்தாள்கள் இரண்டையும் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். 2007-இல் பெயரிடப்பட்ட உயிரினங்களிலிருந்து 600-ஐ எடுத்துக்கொண்டு, அவற்றின் முதல் மாதிரி எப்போது சேகரிக்கப்பட்டது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். சேகரிப்புக்கும் பெயரிடலுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வளவு காலமும் அந்த உயிரிகள் அருங்காட்சியக அலமாரிகளில், சாராயக் குப்பிகளுக்குள், பெயரில்லாமல் காத்திருந்தன. ஆகவே, பெயரில்லை என்பதற்காக அந்தச் செய்தியைப் பொய் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: கடல் சிலந்தி நம் வீட்டுச் சிலந்திக்கு உறவா? கடிக்குமா? – வாசகர், கரூர்

பதில்: தூரத்து உறவு. சிலந்தி, தேள், அரசநண்டு ஆகியவை அடங்கிய பெருங்கூட்டத்தில் இதையும் சேர்க்கிறார்கள். ஆனால் உண்மையான சிலந்தி அன்று. வலை பின்னாது, நச்சுப்பல் கிடையாது, மனிதரைக் கடிப்பதில்லை. உடல் என்று சொல்லத்தக்கது மிகச் சிறியது என்பதால் குடலின் கிளைகளும் இனப்பெருக்க உறுப்புகளும் கால்களுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன. கால் தோலின் வழியாகவே மூச்சும் நடக்கிறது. இதுவரை பெயர் பெற்றவை 1,300 இனங்களுக்குச் சற்று மேல். கரையோரத்தில் சில மில்லிமீட்டர் அளவில் இருப்பவையே மிகுதி; ஆழ்கடலில் வாழும் கொலோசெண்டைஸ் கொலோசியா கால் விரித்தால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வரும். அதற்கு 1881-இல் பெயரிட்ட எட்மண்ட் வில்சன்தான், பின்னாளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களை விளக்கிப் புகழ்பெற்ற அதே வில்சன் என்பது பலருக்குத் தெரியாது.

கேள்வி: வலையில் வந்த ஒரு கடல் சிலந்தி புதிய இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு படியாக விளக்க முடியுமா? – உயிரியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பேரினத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விலங்கின் முன்பகுதியே போதும். தலையின் முன்னே நீளும் உறிஞ்சுகுழலுக்கு அருகில் மூன்று இணை உறுப்புகள் இருக்கலாம்: நண்டின் கொடுக்கைப் போல முடியும் கைகள், தொட்டு உணரும் கைகள், முட்டை சுமக்கும் மெலிந்த கால்கள். இவற்றில் எவை உண்டு, எவை இல்லை, ஒவ்வொன்றிலும் எத்தனை கணுக்கள் என்று எண்ணினாலே பெரும்பாலும் குடும்பமும் பேரினமும் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, வளர்ந்த கொலோசெண்டைசுக்குக் கொடுக்குக் கைகளே இல்லை. வளர்ந்த செரிகோசூராவில் அவை குறுகிப்போய்ப் பயனற்ற முளைகளாக நிற்கின்றன.

இங்கேயே முதல் பொறி இருக்கிறது. செரிகோசூரா போன்றவற்றின் குஞ்சுகளுக்குக் கொடுக்குகள் முழுமையாக இருந்து, வளர வளரத்தான் தேய்கின்றன. இதை அறியாத பழைய ஆசிரியர்கள் சிலர், குஞ்சு வேறு பேரினம், தாய் வேறு பேரினம் என்று தனித்தனியே பெயரிட்டுவிட்டார்கள். ஆகவே, கையில் இருக்கும் மாதிரி முழு வளர்ச்சி அடைந்ததா, ஆணா பெண்ணா என்பதை உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பெண்ணின் தொடைக் கணுவுக்குள் முட்டைகள் தெரியும். ஆணின் தொடையில் முட்டைகளை ஒட்டவைக்கும் பசைச் சுரப்பி இருக்கும். ஆம், பெரும்பாலான கடல் சிலந்திகளில் முட்டைகளைச் சுமப்பவர் தந்தையே. அந்தப் பசைச் சுரப்பியின் துளை எங்கே திறக்கிறது, குழாயாக நீண்டிருக்கிறதா, வெறும் துளையாக இருக்கிறதா என்பது இனத்துக்கு இனம் மாறுவதால், வயதுவந்த ஆண் ஒன்று கிடைத்தால் வகைப்பாட்டாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு அளவெடுப்பு. ஒரு காலில் மூன்று இடுப்புக் கணுக்கள், தொடை, இரண்டு முன்கால் கணுக்கள், கணுக்கால், பாதம், நகம் என ஒன்பது பகுதிகள் உள்ளன. நுண்ணோக்கியின் கீழ் இவை ஒவ்வொன்றும் அளக்கப்படும். தனி எண்களைவிட விகிதங்களே முக்கியம்: தொடை நீளமா, அதை அடுத்த கணு நீளமா, உறிஞ்சுகுழல் உடலைவிட நீளமா, குறுகலா, முதன்மை நகத்துக்கு அருகே துணை நகங்கள் உண்டா. அடுத்து முட்டை சுமக்கும் காலின் கடைசி நான்கு கணுக்கள். அங்கே இரம்பப் பற்கள் கொண்ட சிறு முட்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றால்தான் விலங்கு தன் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்கிறது. கணுவுக்கு எத்தனை முள், ஒவ்வொரு முள்ளிலும் பல் எப்படி அமைந்திருக்கிறது என்பதையெல்லாம் எண்ணி எழுதுவார்கள். பார்ப்பவருக்கு இது வீண் பொறுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும் இரண்டு இனங்களை இந்த முட்களே பிரித்துக் காட்டிய நேர்வுகள் உண்டு.

கண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதுகின் மேல் ஒரு முகடும் அதில் நான்கு கண்களும் இருப்பது பொது அமைப்பு. ஒளி எட்டாத ஆழத்தில் வாழ்பவற்றில் கண்கள் மங்கியோ அடியோடு மறைந்தோ போகின்றன. ஆழ்கடலில் இது பல வம்சங்களில் தனித்தனியே நடந்திருப்பதால், கண் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று சொல்வது பிழை. கால்களின் எண்ணிக்கை அப்படியல்ல. 1835-இல் ஜேம்ஸ் எய்ட்ஸ் என்னும் அமெரிக்க இயற்கையாளர், அண்டார்க்டிகாவை அடுத்த தெற்கு ஷெட்லாந்து தீவுகளிலிருந்து பத்துக் கால் கொண்ட கடல் சிலந்தி ஒன்றை விவரித்து டெகோலோபோடா எனப் பெயரிட்டார். எட்டுக் கால்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அறிஞர் உலகம் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது. சுமார் 70 ஆண்டுகள் கழித்து, ஸ்காட்டிஷ் அண்டார்க்டிக் பயணக் குழு அதே விலங்கை மீண்டும் பிடித்து வந்தபோதுதான் எய்ட்ஸ் சரியாகவே எண்ணியிருந்தார் என்பது தெளிவாயிற்று.

இத்தனையும் முடிந்தாலும் கையில் இருப்பது ஒரு விலங்கின் வருணனை மட்டுமே; அது புதியது என்பதற்குச் சான்று இன்னும் இல்லை. அந்தப் பேரினத்தில் இதுவரை பெயர் பெற்ற ஒவ்வோர் இனத்தோடும் ஒப்பிட்டு, ‘இதுவல்ல, இதுவல்ல’ என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். சாலஞ்சர் என்னும் பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிச் சேகரித்த கடல் சிலந்திகளை டச்சு விலங்கியலாளர் ஹூக் 1881-இல் விவரித்தார். இன்றும் கொலோசெண்டைசைப் பற்றி எழுதுபவர் அந்த அறிக்கையைத் திறக்காமல் இருக்க முடியாது. பழைய வருணனை இரண்டு வரியில் முடிந்திருந்தால், அந்தப் பெயருக்குரிய மூலமாதிரி (பெயர் சூட்டியபோது அதற்குச் சான்றாக ஒதுக்கிவைத்த மாதிரி) எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அங்கே சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய இனம் கப்பலின் மேல்தளத்தில் பிறப்பதில்லை, பழைய குப்பியின் அருகில் புதிய குப்பியை வைத்துப் பார்க்கும் மேசையில்தான் பிறக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: டிஎன்ஏ சோதனை இருக்கும்போது முள்ளையும் கணுவையும் எண்ணிக்கொண்டிருப்பது ஏன்? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: டிஎன்ஏ பெரிய துணைதான். ஹூக் 1881-இல் பெயரிட்ட கொலோசெண்டைஸ் மெகலோனிக்ஸ் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தெற்குப் பெருங்கடல் முழுவதும் பரவிய ஒரே இனம் என்று நூறாண்டுக்கு மேல் நம்பப்பட்டது. 2010-இல் தொடங்கிய மரபணு ஆய்வுகள், அந்த ஒரு பெயருக்குள் பல தனி வம்சங்கள் மறைந்திருப்பதைக் காட்டின. ஆனால் அவற்றுள் எந்த வம்சத்துக்கு ஹூக் சூட்டிய பெயர் உரியது? மூலமாதிரியின் உடலமைப்போடு பொருத்திப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. மேலும், ஃபார்மலினில் ஊறிய பழைய மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம் என்பதால், பழையவற்றோடு பேசுவதற்கு இன்னும் முள்ளும் கணுவுமே மொழி.

கேள்வி: நான் ஒரு புதிய இனத்தைக் கண்டால் அதற்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா? என் பெயரையே வைக்கலாமா? – வாசகி, சென்னை

பதில்: தமிழ்ச் சொல்லைத் தாராளமாக வைக்கலாம், இலத்தீன் எழுத்துகளில் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை. சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகள் சொல்லின் மூலமொழி எது என்று கேட்பதில்லை. இந்தியச் செந்தேளுக்கு 1798-இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் ‘தமுலுஸ்’ என்று நம் மொழியின் பெயரையே வைத்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்கிறேன்: விலங்கின் வருணனையை எந்த மொழியிலும் எழுதலாம், தமிழில் எழுதினாலும் விதிப்படி செல்லும். பரவலாகப் படிக்கப்படும் மொழியில் எழுதுவது நல்லது என்பது பரிந்துரை மட்டுமே.

கட்டாயமானவை வேறு. 1999-க்குப் பின் வெளியாகும் ஒவ்வொரு புதிய பெயருக்கும் மூலமாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அது எந்த நிறுவனத்தின் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரை என்றால், 2012 முதல் அது ஸூபேங்க் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

சொந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஆனால் துறையில் எவரும் அதை மதிக்க மாட்டார்கள். பிறர் பெயரை நமக்கு முன்னோடி என்ற நன்றியில் வைப்பதே வழக்கம். தெற்குப் பெருங்கடலின் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிளாடியா அரங்கோவும் கட்ரின் லின்ஸேயும் 2015-இல் விவரித்த செரிகோசூரா பாம்பெரி, கடல் சிலந்தி ஆய்வாளர் ரோஜர் பாம்பரின் பெயரைத் தாங்கியது. செரிகோசூரா என்ற பேரினப் பெயரே 1969-இல் உருவானது என்பதையும், அத்தகைய வெந்நீர் ஊற்றுகளை மனிதர் முதன்முதலில் கண்டது 1977-இல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பேரினத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த விலங்கின் வீட்டைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

கேள்வி: இந்தியாவில் இத்துறைக்கு இடம் இருக்கிறதா? நான் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வசிக்கிறேன். என்னால் ஏதேனும் செய்ய முடியுமா? – மாணவர், நாகப்பட்டினம்

பதில்: இடம் நிறைய இருக்கிறது, ஆள்தான் குறைவு. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த கடல் சிலந்திகளைப் பற்றி பிரிட்டிஷ் விலங்கியலாளர் கால்மன் 1923-இல் எழுதிய கட்டுரை இன்றும் இப்பகுதிக்கு அடிப்படை நூல் போலப் பயன்படுகிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோகக் கட்டிகளை ஆய்வதற்கு இந்தியா 75,000 சதுர கிலோமீட்டர் உரிமை பெற்றிருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் மத்ஸ்யா 6000 ஊர்தியை உருவாக்கிவருகிறது. பசிபிக்கில் இதே போன்ற கட்டிகள் கிடக்கும் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் வாழும் விலங்கினங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இன்னும் பெயரற்றவை என்று 2023-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். தோண்டத் தொடங்கும் முன் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நியாயந்தானே.

உங்களால் செய்யக் கூடியது: இழுவலையில் மீனோடு வரும் கழிவை, குறிப்பாகப் பாசி போல் கிளைத்த உயிரிக் கொத்துகளை, ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி உதறிப் பாருங்கள். நூல் போன்ற கால்களோடு மெல்ல ஊரும் ஏதேனும் தென்பட்டால் ஃபார்மலினைத் தொடாமல் 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். உயிருடன் இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள், ஏனெனில் நிறம் சில நாட்களில் போய்விடும். தேதி, வலை இறங்கிய இடம், ஆழம் ஆகியவற்றைப் படகு ஓட்டியவரிடம் கேட்டு, பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.