பாரிஸ் ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டி முடிவுகள்: கேள்வி பதில்

2024 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 3 வரை, பாரிஸுக்குக் கிழக்கே வேர்-சூர்-மார்ன் என்ற ஊரின் நீர்ப்பாதையில் 14 பிரிவுகளில் துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. அதன் முடிவுகளைப் பற்றி நண்பர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரத்தை விட்டுவிட்டு, யார் யாரோடு துடுப்பு வலித்தார், எவ்வளவு இடைவெளியில் முடித்தார் என்று பாருங்கள். இந்த விளையாட்டின் சுவை அங்கேதான் இருக்கிறது.

திருநெல்வேலி நண்பர்: மொத்தத்தில் யார் ஜெயித்தார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நெதர்லாந்து. 4 தங்கம், 3 வெள்ளி, 1 வெண்கலம். பிரிட்டனுக்கும் மொத்தம் 8 பதக்கம்தான், ஆனால் தங்கம் 3. ருமேனியாவுக்கு 2 தங்கம், 3 வெள்ளி.

மதுரை நண்பர்: நம் பல்ராஜ் பன்வார் ஆண்கள் ஒற்றையரில் 23வது இடம் என்று செய்தியில் போட்டார்கள். அப்படியென்றால் கடைசியா? ஆனால் "இறுதிப் போட்டியில் 5வது" என்றும் எழுதியிருந்தார்கள். எது சரி?

இரண்டும் சரி. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீர்ப்பாதையில் ஒரு நேரத்தில் 6 படகுதான் ஓடும். பதக்கம் 'ஏ' இறுதியில் மட்டும். அதில் இடம் கிடைக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. 'பி' இறுதி 7 முதல் 12 வரை, 'சி' இறுதி 13 முதல் 18 வரை, 'டி' இறுதி 19 முதல் 24 வரை என்று ஒவ்வொருவருக்கும் தரவரிசை தீர்மானமாகும். பல்ராஜ் 'டி' இறுதியில் 5வதாக வந்தார். 19லிருந்து எண்ணிப் பாருங்கள், 23 வரும்.

அவர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் 4வது. முதல் மூவர்தான் நேராகக் காலிறுதிக்குப் போகலாம். அந்தச் சுற்றில் அவருக்கு முன்னால் முடித்தவர்கள் நியூசிலாந்தின் மெக்கின்டாஷ், கிரீஸின் தூஸ்கோஸ், எகிப்தின் எல்பன்னா. தூஸ்கோஸ் இதே ஒற்றையர் பிரிவில் டோக்கியோ சாம்பியன். தோற்றவர்களுக்குக் கொடுக்கும் மறுவாய்ப்புச் சுற்றின் பெயர் ரெப்பசாஜ். அதில் பல்ராஜ் 2வதாக வந்து காலிறுதிக்குள் போனார். காலிறுதியில் 5வது, அங்கிருந்து சி-டி அரையிறுதி, அப்புறம் 'டி' இறுதி. ஒலிம்பிக்குக்குப் போன ஒரே இந்தியத் துடுப்பு வீரர் அவர். தகுதி பெற்றதே அந்த ஆண்டு ஏப்ரலில், தென்கொரியாவின் சுங்ஜுவில் நடந்த ஆசிய-ஓசியானியத் தகுதிப் போட்டியில் வெண்கலம் வாங்கித்தான். 23ஐ "கடைசி" என்று தலைப்புப் போட்டவர்கள் போட்டி முறையைப் படிக்கவில்லை.

சேலம் நண்பர்: ஒற்றையர் உலக சாதனை எவ்வளவு? பாரிஸில் முறியடிக்கப்பட்டதா?

இந்த விளையாட்டில் "உலக சாதனை" என்று அதிகாரபூர்வமாக ஒன்று கிடையாது. "உலகின் சிறந்த நேரம்" என்றுதான் பதிவு செய்கிறார்கள். திறந்த வெளியில், திறந்த நீரில் நடக்கும் 2000 மீட்டர் போட்டி இது. பின்னாலிருந்து காற்று தள்ளினால் நேரம் குறையும், எதிர்க்காற்று வந்தால் எகிறும். ஒரே ஆள், ஒரே படகு, அடுத்தடுத்த நாள் என்றாலும் பத்து, இருபது விநாடி மாறலாம்.

ஆண்கள் ஒற்றையரில் சிறந்த நேரம் 6 நிமிடம் 30.74 விநாடி. 2017இல் போலந்தின் போஸ்னான் நகரில் நியூசிலாந்தின் ராபி மான்சன் எடுத்தது. அவர் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. பாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆலிவர் சைட்லர் அரையிறுதியில் 6:35.77 எடுத்தார், அது ஒலிம்பிக்கின் சிறந்த நேரம். தங்கம் வாங்கிய இறுதியில் எடுத்ததோ 6:37.57. இறுதியில் மெதுவாகப் போய் ஜெயித்தார் என்று யாராவது சொல்வார்களா? அதனால்தான் நேரத்தை ஒப்பிடாதீர்கள் என்கிறேன்.

வேலூர் நண்பர்: பல்ராஜ் 7:02.37, சைட்லர் 6:37.57. அப்போது 25 விநாடி வித்தியாசம், சரியா?

பல்ராஜின் இறுதி ஆகஸ்ட் 2. சைட்லரின் இறுதி ஆகஸ்ட் 3. வேறு நாள், வேறு காற்று. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில் நண்பர்: கேரளத்து வள்ளங்களி ஏன் ஒலிம்பிக்கில் இல்லை?

அது வேறு விளையாட்டு. சுண்டன் வள்ளத்தில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பால் நீரைத் தள்ளுகிறார்கள். இங்கே துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும், வீரர் பின்னோக்கி உட்கார்ந்து, நகரும் இருக்கையில் கால் பலத்தால் வலிப்பார். கையில் பிடித்த துடுப்புக்கு ஒலிம்பிக்கில் கனோயிங் என்று தனி விளையாட்டு உண்டு. அந்தப் பக்கம் கேளுங்கள்.

திருச்சி நண்பர்: ஆண்கள் இருவர் பிரிவின் இறுதியை மறுஒளிபரப்பில் பார்த்தேன். பிரிட்டன் கையில் இருந்த தங்கத்தை விட்டுவிட்டதா, குரோஷியா பறித்ததா?

நல்ல கேள்வி. பிரிட்டனின் வின்-கிரிஃபித், ஜார்ஜ் இருவரும் கடைசி 500 மீட்டருக்குள் முன்னணியோடுதான் வந்தார்கள். குரோஷியாவின் சிங்கோவிச் சகோதரர்கள் மார்ட்டினும் வாலென்டும் முடிவுக் கோட்டுக்கு அருகில்தான் முந்தினார்கள். 6:23.66க்கு 6:24.11. அரை விநாடிகூட இல்லை.

பிரிட்டன் கடைசியில் தளர்ந்தது, நேர்கோட்டிலிருந்து விலகவும் செய்தது, உண்மைதான். ஆனால் தளர வைத்தது யார்? இந்தச் சகோதரர்கள் 2012இல் நால்வர் ஸ்கல்ஸில் (ஆளுக்கு இரண்டு துடுப்பு) வெள்ளி, 2016இல் இருவர் ஸ்கல்ஸில் தங்கம் வாங்கியவர்கள். அதன் பிறகு ஆளுக்கு இரண்டு துடுப்பு என்பதை விட்டு, ஆளுக்கு ஒரே துடுப்பு பிடிக்கும் பிரிவுக்கு மாறி டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் ஏறி வரும்போது முன்னால் போகிறவருக்கு நெஞ்சு அடைக்கும். என் தீர்ப்பு: பறித்ததுதான்.

புதுச்சேரி நண்பர்: பெண்கள் நால்வர் ஸ்கல்ஸில் பிரிட்டன் 0.15 விநாடியில் நெதர்லாந்தை வென்றது. கண்ணுக்கே தெரியாதே, எப்படி முடிவு செய்கிறார்கள்?

கோட்டுக்கு நேராக வைத்த கேமராதான் முடிவு செய்யும். ஒவ்வொரு படகின் மூக்கிலும் பாதுகாப்புக்காக ஒரு சின்ன ரப்பர் பந்து இருக்கும். அந்த முனை கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. வீரர் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

அந்தப் படகின் வேகத்துக்கு 0.15 விநாடி என்பது சுமார் 80 சென்டிமீட்டர். நெதர்லாந்து முன்னால் வந்துகொண்டிருந்தது, பிரிட்டன் கடைசி வீச்சுகளில்தான் எட்டியது. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. துடுப்பு நீருக்குள் இருக்கும்போது படகு அதிக வேகத்தில் போவதாக நினைப்போம். அப்படியில்லை. துடுப்பை வெளியே எடுத்து, வீரர்கள் இருக்கையோடு சறுக்கித் திரும்பும் நேரத்தில்தான் படகு மிக வேகமாக ஓடும். துடுப்பை மறுபடி நீரில் போடும் கணத்தில் வேகம் குறையும். அதனால் இவ்வளவு நெருக்கமான முடிவில், கோட்டைத் தொடும்போது எந்தப் படகு வீச்சின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

இதைவிட நெருக்கம் ரியோ 2016, ஆண்கள் ஒற்றையர். நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல், குரோஷியாவின் டாமிர் மார்ட்டின் இருவருக்கும் 6:41.34. நூறில் ஒரு பங்கு விநாடிகூட வித்தியாசம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

கோவை நண்பர்: இலகு எடைப் பிரிவை பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆசியர்களை வெளியே தள்ளும் வேலைதானே இது?

எடுத்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும் 11வது இடம் பிடித்தது அந்தப் பிரிவில்தான். ஒலிம்பிக் துடுப்பில் இந்தியாவின் சிறந்த இடம் அது. அதே ஜோடி ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியது. ஆனால் "ஆசியர்களைத் தள்ள" என்ற காரணத்தை ஏற்க முடியாது.

யாழ்ப்பாண நண்பர்: கோவை நண்பருக்கு: டோக்கியோவில் சீனப் பெண்கள் நால்வர் ஸ்கல்ஸில் தங்கம் வென்றார்களே. எண்மரில் வெண்கலமும். அவை இலகு எடை இல்லையே.

கோவை நண்பர்: சீனா ஒரு நாடு. மற்ற நாடுகளுக்கு என்ன வழி? 1996இல் அட்லாண்டாவில் இந்தப் பிரிவைச் சேர்த்ததே உயரம் குறைந்தவர்கள் உள்ள நாடுகளும் வரட்டும் என்றுதானே?

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நோக்கம் கோவை நண்பர் சொன்னதுதான். ஜோடியின் சராசரி எடை ஆண்களுக்கு 70 கிலோ, பெண்களுக்கு 57 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பதக்கம் யாருக்குப் போனது? பாரிஸில் ஆண்களில் அயர்லாந்து, இத்தாலி, கிரீஸ். பெண்களில் பிரிட்டன், ருமேனியா, கிரீஸ். ஆறும் ஐரோப்பா. போட்டி நாளில் எடை பார்க்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்காமல், வியர்த்து எடையைக் குறைக்கிறார்கள் என்ற உடல்நலக் கவலையும் உண்மை.

யாழ்ப்பாண நண்பர்: அப்படியானால் எடுத்தது சரிதானே அண்ணா?

சரியில்லை. இந்த விளையாட்டின் மிக நெருக்கமான போட்டிகள் அங்கேதான் நடந்தன. டோக்கியோ பெண்கள் இலகு எடை இறுதியில் முதல் நான்கு படகும் அரை விநாடிக்குள் முடித்தன. பிரிட்டனின் எமிலி கிரெய்க், இமோஜென் கிரான்ட் ஜோடிக்கு 0.01 விநாடியில் வெண்கலம் கைநழுவியது. சுமார் 5 சென்டிமீட்டர்! அவர்கள் மூன்று ஆண்டு காத்திருந்து பாரிஸில் தங்கம் வாங்கினார்கள், அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் கடைசியாக நடந்த நாளில். அயர்லாந்தின் பால் ஓ'டோனவன் 2016இல் வெள்ளி, அடுத்த இரண்டிலும் தங்கம். எடை ஒன்றாகும்போது தொழில்நுட்பமும் மனத்திடமும் எடுப்பாகத் தெரியும். அதை இழந்தது எல்லா நாட்டுக்கும் இழப்பு.

கோவை நண்பர்: ஆக, நான் சொன்னதுதான்.

முடிவு ஒன்று, காரணம் வேறு. இதற்குப் பதிலாக 2028இல் கடற்கரையில் ஓடி, படகில் ஏறித் துடுப்பு வலிக்கும் கடலோரப் பிரிவு வருகிறது. நமக்கு நீண்ட கடற்கரை உண்டு. சண்டையை அங்கே பயிற்சி தொடங்குவதற்குப் போடலாம். இலகு எடை பற்றிய மற்ற கேள்விகளை இத்தோடு விடுகிறேன், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு நண்பர்: சைட்லர் நேரத்தையும் டிரைஸ்டேலின் ரியோ நேரத்தையும் ஒப்பிட்டால் சைட்லர்தானே...

ஒப்பிடக் கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன்.

தஞ்சை நண்பர்: சைட்லர் நீச்சல் வீரராக இருந்தாராமே?

ஆமாம், 2016இல்தான் துடுப்புக்கு வந்தார். ஆனால் ரத்தத்தில் இருந்தது. தாத்தா ஹான்ஸ்-யோஹான் ஃபேர்பர் 1972 மியூனிக்கில் நால்வர் பிரிவில் தங்கம் வாங்கியவர். சைட்லர் 2019 உலகப் பட்டத்தை 0.03 விநாடியில் வென்றார். அப்புறம் டோக்கியோவில் 'ஏ' இறுதிக்கே வரவில்லை. 'பி' இறுதியை வென்று 7வது. பாரிஸிலோ இரண்டாவதாக வந்தவருக்கும் இவருக்கும் 5.39 விநாடி இடைவெளி, மூன்று படகு நீளத்துக்கும் மேல். டோக்கியோவில் விழுந்தவர் இப்படி எழுந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

கடலூர் நண்பர்: பெண்கள் எண்மர் படகில் பிரிட்டனுக்கு ஓர் ஆண் உட்கார்ந்திருந்தாரே?

காக்ஸ் ஹென்றி ஃபீல்ட்மேன். திசை திருப்பி, வேகம் சொல்பவர். அந்த இடத்துக்கு ஆண், பெண் யாரும் வரலாம். டோக்கியோவில் ஆண்கள் எண்மரிலும் வெண்கலம், பாரிஸில் பெண்களோடும் வெண்கலம்.

விழுப்புரம் நண்பர்: லாஸ் ஏஞ்சலிஸில் யார் ஜெயிப்பார்கள்?

அங்கே தூரம் 2000 இல்லை, 1500 மீட்டர். லாங் பீச் நீர்ப்பாதை அவ்வளவுதான் இடம் கொடுக்கிறது. கடைசி 500இல் ஏறி வந்து ஜெயிப்பவர்கள் இப்போதே திட்டத்தை மாற்ற வேண்டும். அதற்குமேல் ஆரூடம் சொல்ல மாட்டேன்.

சென்னை, பெயர் வேண்டாம்: என் மகளுக்கு 13 வயது. இங்கே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். அடையாற்றில் 1867இலிருந்து மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. போரூர் ஏரியில் ஸ்ரீ ராமச்சந்திரா நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. வயது, கட்டணம், சேர்க்கை விவரத்தை அங்கேயே கேளுங்கள். முதலில் நீச்சல் பழக்குங்கள். படகில் ஏற்றும் முன் அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.