இடுப்பில் வைக்கும் சிறிய பிஸ்டலுக்கு எந்தக் குழல் நல்லது: சாதாரணமானதா, நுனியில் திருகுப் புரி வெட்டினதா, துளை போட்டதா?

கேட்டவர் தெகிவளையில் இருக்கிறார். டெக்சாஸில் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணா, அங்கே முறைப்படி ஒரு கிளொக் 19 பிஸ்டல் வாங்கப் போகிறாராம். துப்பாக்கிக் கடைக்காரர் புரி வெட்டின குழல் உள்ளதைக் காட்டி, "கொஞ்சக் காசுதான் கூட" என்று சொன்னதில் அண்ணாவுக்குக் குழப்பம். நான் இப்போது வெள்ளவத்தையில் இருந்தாலும் ஹியூஸ்டனில் பதினொரு வருடம் இருந்தேன். அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒருதரமாவது சுடு பயிற்சிக்குப் போனேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சாதாரணக் குழலையே வாங்கச் சொல்லுங்கள்.

புரி வெட்டுவது முக்கியமாக சைலன்சர் பூட்டத்தான். அண்ணா அதை வாங்கப் போவதில்லை என்றால் அந்தப் புரியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் தொல்லை உண்டு. கிளொக் 19இன் குழல் 102 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நான்கு அங்குலம். புரி வெட்டினது அதைவிடக் கிட்டத்தட்ட அரை அங்குலம் நீளம், அந்தத் துண்டு ஸ்லைடுக்கு (குழலை மூடி, சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டலைச் செருகும் உறை அடி மூடினதாக இருந்தால் அது உள்ளே இறங்காது, நுனி திறந்த உறை தேட வேண்டும். கார் சீட்டில் இருந்தால் தொடையின் மேற்பக்கத்தில் குத்தும். புரியைக் காக்கிற சின்ன மூடியும் சுடச்சுடத் தளரும். பயிற்சியில் பக்கத்தில் நின்றவருடைய மூடி கழன்று உருண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரியது சட்டம். டெக்சாஸில் புரி வெட்டின குழலுக்குத் தடை இல்லை. ஆனால் கலிபோர்னியாவிலும் நியூயோர்க்கிலும், மகசீன் (ரவைகளை அடுக்கும் பெட்டி) கழற்றக்கூடிய பிஸ்டலில் அப்படியொரு குழல் இருந்தாலே அது தடைசெய்யப்பட்ட தாக்குதல் ஆயுதங்களின் பட்டியலில் விழுந்துவிடும். அண்ணா நாளைக்கு வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால்? ஒரு இரும்புத் துண்டுக்காகக் குற்றவாளியாக நிற்க வேண்டாம்.

துளை போட்ட குழலைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழலின் மேல்பக்கத்துத் துளைகளால் வாயு மேலே பீறும், அதனால் பிஸ்டலின் வாய் எகிறுவது குறையும். கையை நீட்டிச் சுடும்போது அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தற்காப்பு என்று வரும்போது எதிரி ஒரு முழத்தில் நிற்கலாம். பிஸ்டலை விலாவோடு ஒட்டிப் பிடித்துத்தான் சுட வேண்டிவரும். நண்பர் ஒருவரின் துளை போட்ட பிஸ்டலால் அந்த நிலையில் சுட்டுப் பார்த்தேன். சூடான துணுக்குகள் கன்னத்திலும் கழுத்திலும் வந்து அடித்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வீட்டுக்குள் இருட்டில் நிற்பவர் கண்ணாடியோடா நிற்பார்? இருட்டில் அந்தத் தீச்சுடரும் கண் எதிரே எழும்பும்.

அண்ணா உண்மையில் யோசிக்க வேண்டியது குழலின் நீளத்தைத்தான். 3.1 அங்குலக் குழல் உள்ள சிக் பி365 போன்றவை மறைக்கச் சுகம் என்று பலர் அதை நாடுகிறார்கள். ஆனால் சட்டைக்கு மேலால் தெரிவது குழல் இல்லை, பிடிதான். குழல் காற்சட்டைக்குள் போய்விடும்; கொஞ்சம் நீளமாக இருந்தால் பிடியை உடம்போடு அணைத்துக்கூட வைக்கும். குழல் குறுகும்போது ரவையின் வேகமும் குறையும், ஒரு அங்குலத்துக்கு நொடிக்குச் சில பத்து அடி. பட்டவுடன் தலை விரியவேண்டிய குழிமுனை ரவை சில சமயம் விரியாமலே போவது அதனால்தான். குட்டைக் குழலுக்கென்றே செய்த ரவைகள் விற்பனையில் இருப்பதும் அதற்காகத்தான். நான்கு அங்குலக் குழலுக்கு அந்தக் கவலை குறைவு.

கிளொக்கில் பழைய தலைமுறை ஒன்றை வாங்கினால், குழலின் உள்ளே, ரவையைச் சுழலவைக்கும் வழமையான வரிகளுக்குப் பதிலாகப் பல்கோண வடிவம் இருக்கும். மேலே செப்புப் பூச்சு இல்லாத வெறும் ஈய ரவையை அதில் சுட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஈயம் படிந்து அழுத்தம் ஏறும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. லீவுக்கு வரும்போது அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காலி வீதியில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்று வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நெடுநாள் அங்கே இருந்தவர்களுக்கு மறந்துபோகும். கழற்றின குழல் ஒன்று தனியாகப் பெட்டியில் கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும், ஆகவே புறப்படும் முன் பெட்டியின் சின்னப் பைகளையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.