வீட்டுக்குப் புது நம்பர், தொழிலுக்குப் பழைய நம்பர்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் உண்டு. ஒரே போன், ஒரே நம்பர். சொந்தக்காரர்களும் கஸ்டமர்களும் வாட்ஸ்அப்பில் கலந்து கிடக்கிறார்கள். வீட்டு விசேஷப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால், "என் பிளவுஸ் என்ன ஆச்சு?" என்று அதன் கீழே கேட்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கும் மெசேஜ் வருகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் சேரச் சொல்கிறாள் காலேஜ் படிக்கும் மகள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: எதிலும் புதிதாகச் சேரும் முன், கையில் இருக்கும் வாட்ஸ்அப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். புது சிம் ஒன்று வாங்குங்கள். புது நம்பரைத் தொழிலுக்கு வைக்கத்தான் பலரும் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். உங்கள் பழைய நம்பர் பில் புத்தகத்தில் இருக்கிறது, கஸ்டமர்கள் வாய்வழியாகப் பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது தொழிலுக்கே இருக்கட்டும். சித்தி, மாமா, சம்பந்தி வீட்டாருக்குப் புது நம்பரைச் சொல்வது ஒரு சாயங்கால வேலை.

வாட்ஸ்அப்பில் முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்கி, பழைய நம்பரைக் கொடுங்கள். பழைய பேச்சுகள் அதற்குள் வந்துவிடும். சாதாரண வாட்ஸ்அப்பில் புது நம்பரைப் பதியுங்கள். இரண்டும் ஒரே போனில் இருக்கலாம். குடும்ப குரூப்புகள் பழைய நம்பரோடு போயிருக்கும். அவற்றில் புது நம்பரைச் சேர்த்த பிறகு பழையதை விலக்கிக்கொள்ளுங்கள். விசேஷப் படங்கள் இனி வீட்டு ஸ்டேட்டஸில் மட்டும்.

பிசினஸ் செயலியில் வேலை நேரத்தைக் குறித்து, அந்த நேரம் தாண்டினால் தானாகப் போகும் பதிலையும் எழுதி வையுங்கள்: "காலை 10 மணிக்குப் பார்த்துச் சொல்கிறேன்." மெசேஜ் வருவதை இது நிறுத்தாது. ஆனால் கேட்டவருக்கு ஒரு பதில் போய்விடும், நீங்கள் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். லேபிள் வசதி உங்கள் தொழிலுக்கென்றே செய்தது போல இருக்கும். 'அளவு எடுத்தாச்சு', 'ஆரி நடக்குது', 'ரெடி', 'பாக்கி' என்று நான்கு போட்டு, ஒவ்வொரு கஸ்டமர் பெயரிலும் ஒட்டிவிட்டால், யாருடையது எந்த நிலையில் என்று தேடவே வேண்டாம்.

பிசினஸ் செயலியில் உங்கள் மாடல்களைப் படமும் விலையுமாக அடுக்கிக் காட்டும் கேட்லாக் இருக்கிறது. அதை ஏற்ற ஆடி மாதம் தோதானது. முகூர்த்தம் இல்லாததால் கை சற்று ஓய்ந்திருக்கும், ஆவணிக்கு ஆர்டர் கேட்டு வருபவர்களுக்குக் காட்ட மாடல் தயாராக இருக்கும். படத்தை ட்யூப்லைட்டில் எடுக்காதீர்கள், பட்டின் நிறமே மாறிவிடும். காலை வெளிச்சத்தில், வெள்ளை வேட்டி விரித்து, முதுகுப்பக்கம் முழுதும் தெரிய ஒன்று, ஜரிகையும் மணியும் தைத்த இடத்தைக் கிட்டத்தில் ஒன்று. கீழே விலையை எழுதுங்கள். "ரேட் இன்பாக்ஸில்" என்று போட்டால் கேட்கக் கூச்சப்படுபவர் அப்படியே நகர்ந்துவிடுவார். வேலைக்குத் தக்க விலை மாறும் என்றால், 'இத்தனை ரூபாய் முதல், இத்தனை நாளில்' என்றாவது இருக்கட்டும். கல்யாணப்பெண் போட்டிருக்கும் படம் என்றால் அவள் வாயால் சரி என்று சொன்ன பிறகே போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

புது மாடலைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். அதனால் துணியைக் கையில் கொடுக்கும்போதே, "என் நம்பரைப் போட்டு வச்சுக்கோம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

இது பழகிய பிறகு இன்ஸ்டாகிராம். ஆரி வேலை கண்ணால் பார்த்து வாங்குவது, ஊசி ஏறி இறங்குகிற சின்ன வீடியோவே நிறையப் பேரை நிறுத்தும். பிசினஸ் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது, யாரும் பார்க்கலாம். எனவே சொந்தக் கணக்கை மாற்றாமல் தனியாக ஒன்று திறங்கள். பேஸ்புக்கிலும் அப்படியே, சொந்தப் பெயரில் விற்காமல் ஒரு பேஜ் போதும். லிங்க்ட்இன் உங்களுக்கு வேண்டாம். வேலை தேடப்போகும் உங்கள் மகளுக்கு வேண்டும்.

நம்பர் வெளியே போனால் மோசடிக்காரர்களும் வருவார்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், கேன்டீனுக்கு மொத்தமாக வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள்" என்பது நாடு முழுக்க நடக்கிற ஏமாற்று. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் இருக்கிற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெயரைச் சொன்னால் சட்டென்று நம்பிவிடுகிறோம். பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். கேட்டாலே அது உங்கள் பணம் போகும் வழி. வாட்ஸ்அப் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு 6 இலக்க பின் வைத்துக்கொள்ளுங்கள், ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அப்படியும் பணம் போய்விட்டால், யார் என்ன சொல்வார்களோ என்று தயங்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் கைமாறும் முன் வங்கி முடக்கி வைக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.