கொட்டிலில் எந்த வைக்கோல்?

கேள்வி: செம்மறியாடுகளைக் கொட்டிலில் அடைத்து வளர்க்கிறோம். சினை ஆடுகளும் உண்டு. படுக்கைக்கு எந்த வைக்கோல் நல்லது?

பதில்: என் ஓட்டு கோதுமை வைக்கோலுக்கு. தண்டு விறைப்பானது; ஆடுகள் அதிகம் தின்னாமல் விட்டுவைக்கும். பார்லியும் ஓட்ஸும் மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் படுக்கையில் பாதி வயிற்றுக்குள் போய்விடும். பார்லிக் கதிரின் கூர்முடிகள் கண்ணை உறுத்தும், கம்பளியிலும் சிக்கும்.

எந்த ரகமானாலும் கட்டைப் பிரித்து, நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடோ பிசுபிசுப்போ தெரிந்தாலும், உதறும்போது சாம்பல் நிறத் தூசி பறந்தாலும் கொட்டிலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பூஞ்சணம் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். சினை ஆடுகளில் கருச்சிதைவுக்கும் காரணமாகலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தயவுசெய்து மனம் இளகாதீர்கள்.

விரித்த பிறகு, ஆடுகள் படுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் நனைந்தால், அன்றே மேலே புது வைக்கோல் போடுங்கள். அம்மோனியா நெடி மனிதன் நிற்கும் உயரத்தைவிட ஆட்டின் மூக்கு உயரத்தில்தான் கடுமையாக இருக்கும். ஈரம் நின்றால் குளம்பு அழுகலும் மடிநோயும் வரும். ஆடுகள் குட்டி ஈனுவதற்கான தனித் தடுப்பறைக்கு மட்டும் கட்டுகளிலேயே சிறந்ததை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு ஈற்றுக்குப் பிறகும் பழையதை முழுவதும் வாரிவிட்டுப் புதிதாக விரியுங்கள்.