தொழுநோய்ச் சிகிச்சையில் செல்போன்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்?

கேள்வி: எங்கள் மருத்துவ மையத்தில் தொழுநோய்க்கு மருந்து எடுப்பவர்களில் பலர் தொலைவில் இருக்கிறார்கள். மாதாமாதம் அவர்களால் வர முடிவதில்லை. போன், வீடியோ கால், ஆப் மூலம் கண்காணிக்கலாமா? எதில் தொடங்குவது?

பதில்: கண்காணிக்கலாம். பலரும் மாத்திரை நினைவூட்டலில்தான் தொடங்குகிறார்கள். அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். 28 நாள் மாத்திரை அட்டை காலியானதும் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். போனால் கிடைக்கும் பெரிய பலன் வேறு: நரம்புப் பாதிப்பை முன்கூட்டியே பிடிக்கலாம். புதிதாக வந்த மரத்துப்போதலும் தசைப் பலவீனமும் 6 மாதத்துக்குள் கண்ணில் பட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். ஆனால் நரம்பு வலியே இல்லாமலும் செயலிழக்கும். வலிக்காதவர் உங்களை அழைக்க மாட்டார், நீங்கள்தான் அழைக்க வேண்டும். முதல் 3 மாதம் 15 நாளுக்கு ஒருமுறை, பிறகு புது அட்டை தொடங்கும் மாத டோஸ் நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து முடிந்த பிறகும் தோலிலோ நரம்பிலோ திடீர் அழற்சி, அதாவது ரியாக்‌ஷன் வரும் என்பதால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை தொடங்கும் நாளிலேயே நேரில் நரம்புப் பரிசோதனை செய்து, அதே அசைவுகளை வீடியோவாகவும் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் வரும் வீடியோவை எதோடு ஒப்பிடுவீர்கள்?

அழைப்பில் பார்க்க வேண்டியவை: கண்ணை மெதுவாக மூடும்போது இமைகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா? உள்ளங்கையை மேலே வைத்துச் சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்க முடிகிறதா? கட்டைவிரல் நேராக மேலே எழுகிறதா? மணிக்கட்டும் பாதமும் மேல்நோக்கி மடங்குகின்றனவா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. லேசாகப் பலவீனமான தசையும் எதிர்ப்பு இல்லாதபோது முழுதாக அசையும். வீடியோவில் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் வீட்டில் ஒருவரை அந்தச் சுண்டுவிரலைத் தன் விரலால் எதிர்த்துத் தள்ளச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே காகிதத்தை இடுக்கிக்கொண்டு, இன்னொருவர் இழுக்கும்போது நழுவுகிறதா என்றும் பார்க்கலாம். உணர்வுக்கு, நோயாளி கண்ணை மூடியிருக்க, பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளை லேசாகத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும்.

புதிய மாற்றம் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் நேரில் வரவழையுங்கள். ஸ்டீராய்டைப் போனிலேயே சொல்லித் தொடங்க வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய் அறிகுறி பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ரியாக்‌ஷன் வந்தாலும் தொழுநோய்க்கான கூட்டு மருந்தை (ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின்) நிறுத்தக் கூடாது. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் தடிப்போ கண் மஞ்சளோ வந்தால் டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். டாப்சோனை உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சிறுநீர் சிவப்பது ரிஃபாம்பிசினால், தோல் கருப்பது க்ளோஃபாசிமினால் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பயந்து மருந்தை விட்டவர்கள் உண்டு.

படம் பார்த்து நோயைச் சொல்லும் ஆப்களைச் சந்தேகம் எழுப்பும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேமலில் உணர்வு இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்பது கேமராவுக்குத் தெரியாது. புண்ணைத் தொடர்ந்து கவனிக்கப் படம் நன்றாக உதவும்: பகல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

ரகசியத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். போனை வீட்டில் வேறு யார் எடுப்பார், எந்த நேரம் தனியாகப் பேசலாம் என்று முதலிலேயே கேளுங்கள். குறுஞ்செய்தியில் நோயின் பெயர் வரக் கூடாது. ‘நாளை மாத டோஸ்’ போதும். வந்த படங்கள் தானாக கேலரியில் சேர்வதையும் கிளவுடுக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, பெயருக்குப் பதில் எண் போட்டுச் சேமியுங்கள். படம் எடுக்க ஒரு சம்மதம், வேறு நிபுணருக்கு அனுப்ப தனிச் சம்மதம்.

விரல் குறைந்தவர்களுக்குக் கைரேகைப் பதிவு வேலை செய்யாமல் போகலாம். அதை வைத்து யாரையும் திருப்பி அனுப்பாதபடி நோயாளி அட்டை எண் போல ஒரு மாற்று வழி வையுங்கள். இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள்: சார்ஜ் ஏறும்போது போன் நன்றாகச் சூடாகும், மரத்த கைக்கு அது தெரியாது. சார்ஜில் இருக்கும் போனைக் கையில் பிடித்துப் பேச வேண்டாம். மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசட்டும்.