மேடையேறும் முன்: வாசகர் கேள்விகள்

மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் எங்கள் ஊரில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே என் முதல் பேச்சு. முழுவதையும் மனப்பாடம் செய்துவிடட்டுமா?
– வாசகி, திருப்பூர்

எழுதிப் பாருங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து மறந்துவிடும். தொடக்க வரியும் முடிவு வரியும் மட்டும் நாக்கில் நிற்கட்டும். முதல் பேச்சு உங்களை அறிமுகப்படுத்துவதுதான், எனவே இடையில் சொல்ல வேண்டியது நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை. அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். நாலாவது நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும், ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. சில மன்றங்களில் விளக்குக்குப் பதிலாக வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். சிவப்பு வந்த பிறகும் 30 விநாடி சலுகை உண்டு. எனவே பதறிப்போய் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ‘மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே’ என்று ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். நம் ஊர் விழா மேடைகள் பழக்கிய பழக்கம் அது. ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் பேசி முடித்ததும் மதிப்பீட்டாளர் எழுந்து, ‘இவர் பேச்சு முழுவதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அவமானமாக இருந்தது. விலகிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

விலகாதீர்கள். உங்கள் வருத்தம் நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் கவனித்தது சரி, அதோடு நிறுத்தியதுதான் குறை. பொத்தானைத் திருகும் கையை என்ன செய்வது என்று சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் அது மதிப்பீடு ஆகாது.

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும்? கோவையில் எங்கள் மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் அன்று முதன்முறையாகப் பேசினார். ஐம்பதைத் தாண்டியவர், கறை போகாத விரல்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, திருமணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்பவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தில், ‘கழற்றிப் பார்க்கவே வேண்டாம், எரிந்த வார்னிஷ் வாசனையை வைத்தே மோட்டார் எப்படிக் கருகியது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன்’ என்றார். அறை சட்டென்று நிமிர்ந்தது. ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. அடுத்த வரியில் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

அவரை மதிப்பிட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அவருக்கும் 2 முதல் 3 நிமிடம்தான். ‘ஐயா, வார்னிஷ் வாசனை என்று நீங்கள் சொன்னபோது முன்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை உங்கள் குரல் தரையைப் பார்த்துப் பேசியது, அப்போது மட்டும் எங்களைப் பார்த்துப் பேசியது. அடுத்த பேச்சை அந்த வாசனையிலேயே தொடங்குங்கள்’ என்றாள். அவ்வளவுதான். அடுத்த முறை அவர் காயில் கட்டுவதைப் பற்றி மட்டுமே பேசினார், செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றும் விதத்தைக் கையாலேயே காட்டினார். திருகுவதற்குப் பொத்தானைத் தேட அந்தக் கைகளுக்கு நேரமே இருக்கவில்லை.

இந்த மன்றங்களின் உயிர் அந்த மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நம்மைப் பாராட்டுகிறவர்கள் வீட்டில் உண்டு, குறை சொல்கிறவர்கள் அலுவலகத்தில் உண்டு. நாம் பேசியதை வரிவரியாகக் கேட்டு, எந்த இடத்தில் உயிர் வந்தது என்று சொல்கிறவர் வேறெங்கே கிடைப்பார்? அடுத்த பேச்சுக்கு முன்பே உங்கள் மதிப்பீட்டாளரிடம் போய், ‘என் கைகளைக் கவனியுங்கள், என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மதிப்பீட்டாளர்களையும் மதிப்பிட, கூட்டத்தின் இறுதியில் பொது மதிப்பீட்டாளர் ஒருவர் எழுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பு யார் தொடங்கியது? பெண்களுக்கு எப்போதும் இடம் உண்டா?
– வாசகி, கரூர்

ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர். கிறிஸ்தவ இளைஞர் அமைப்பான ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றியவர். 1905-இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் இளைஞர்களுக்காக ஒரு பேச்சுக் குழுவைத் தொடங்கினார். இன்றைய அமைப்பு 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் நடந்த கூட்டத்திலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. பெண்களை முறைப்படி உறுப்பினராக ஏற்றது 1973-இல்தான். அரை நூற்றாண்டுத் தாமதம், எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஆங்கிலம் சரளமாக வராது. எனக்கு இடம் உண்டா?
– வாசகர், பொள்ளாச்சி

உண்டு. தமிழில் நடக்கும் மன்றங்களும் இருக்கின்றன, இரு மொழிகளிலும் நடப்பவையும் இருக்கின்றன. விருந்தினராக ஒரு மாலை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் பேச்சு இல்லாத வாரங்களிலும் போக வேண்டுமா?
– வாசகர், சேலம்

அந்த வாரங்களில்தான் தவறாமல் போக வேண்டும். தயாரிப்பில்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் பேசும் பகுதி இருக்கிறது. தலைப்பைக் கேட்ட மறுகணமே எழுந்து பேச வேண்டும். ‘வந்து’, ‘அதாவது’, ‘ம்ம்’ என்று பேச்சாளர் இழுப்பதை எண்ணிச் சொல்லும் பொறுப்பும் உண்டு. ஒரு மாலை முழுவதும் மற்றவர்களுடைய ‘வந்து’க்களை எண்ணியவர், மறுநாள் தொலைபேசியில் தன்னுடையதைக் கேட்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பொறுப்பை அடுத்த கூட்டத்துக்கே கேட்டு வாங்குங்கள்; தலைவர் மகிழ்ச்சியோடு கொடுப்பார், ஏனென்றால் அதற்கு ஆள் கிடைப்பது எப்போதும் கடினம்.